ரேடியேஷன் முடிந்து பத்து வருஷம் கழித்து

புரோஸ்டேட் சுரப்பியின் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்தவருக்குப் பல வருஷம் கழித்து அந்தக் கதிராலேயே வேறொரு புற்று வருமா? 2000-ஆம் ஆண்டில் டேவிட் பிரென்னர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றுவரை இந்த விஷயத்தில் எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்காவின் 'சீர்' புற்றுநோய்ப் பதிவேட்டில் 1973 முதல் 1993 வரை புரோஸ்டேட் புற்றுநோய் என்று பதிவானவர்களை எடுத்துக்கொண்டார்கள். ரேடியேஷன் எடுத்தவர்கள் 51,584 பேர், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 70,539 பேர். பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தவர்களில், ரேடியேஷன் எடுத்த தரப்பில் வேறொரு புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே கட்டுரையில் அதே ஆட்களைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது: பத்து வருஷம் தாண்டியவர்களில் ஏறக்குறைய 70 பேருக்கு ஒருவருக்குத்தான் ரேடியேஷனால் வந்தது என்று சொல்லத்தக்க புற்று. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 290 பேருக்கு ஒருவர்.

வாட்ஸப்பில் சுற்றுவது 34 மட்டும்தான். அதைக் கேட்டால் வயிறு கலங்கும். 70-ல் ஒருவர் என்றால் 'சரி, யோசிக்கலாம்' என்று தோன்றும். இரண்டும் உண்மை. முதல் எண், ஏற்கெனவே சிறிதாக இருந்த ஒன்று எத்தனை பங்கு கூடியது என்று சொல்கிறது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவுவது இரண்டாவது எண். டாக்டரிடம் கேட்கும்போதும் 'எத்தனை சதவீதம் கூடும்?' என்று கேட்காமல், 'என்னைப் போன்ற நூறு பேருக்கு ரேடியேஷன் கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும், கொடுக்காவிட்டால் எத்தனை பேருக்கு வரும்?' என்று கேளுங்கள்.

பிரென்னர் பார்த்தது பழைய கருவிகளின் காலம். அதற்குப் பிந்திய கணக்கு ஒன்று 2022-இல் வந்தது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 1,43,886 பேர், எல்லாரும் நோய் சுரப்பியை விட்டுப் பரவாத நிலையில் இருந்தவர்கள். நடுமட்டமாக ஒன்பது வருஷம் தொடர்ந்து பார்த்ததில், முதல் சிகிச்சையாக ரேடியேஷன் எடுத்த 52,886 பேரில் 1,955 பேருக்கு, அதாவது 3.7 சதவீதத்தினருக்கு, இரண்டாவது புற்று வந்தது. எடுக்காதவர்களில் 2.5 சதவீதம். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால் பேர்கூட இல்லை. ஆனால் காலவாரியாகப் பிரித்துப் பார்த்தால் சங்கதி வேறு. முதல் ஐந்து வருஷத்தில் ரேடியேஷன் தரப்பின் ஆபத்து 1.24 மடங்கு, ஐந்திலிருந்து பத்துக்குள் 1.50 மடங்கு, பத்திலிருந்து பதினைந்துக்குள் 1.59 மடங்கு. வருஷம் போகப் போக இடைவெளி கூடுகிறது. நோயாளி செக்கப்புக்குப் போவதை நிறுத்தியிருக்கும் காலத்தில்தான் இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கிறது.

எந்த உறுப்பில் என்று பார்த்தால் சிறுநீர்ப்பை, மலக்குடல் இரண்டும்தான் முக்கியம். 2016-இல் 21 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அலசலில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 1.39 மடங்கு, மலக்குடல் புற்றுக்கு 1.62 மடங்கு என்று வந்தது. நேரடி எண்ணிக்கையாகச் சொன்னால் ரேடியேஷன் எடுத்தவர்களில் சிறுநீர்ப்பைப் புற்று, ஆய்வைப் பொறுத்து, 0.1 முதல் 3.8 சதவீதம் வரை. அந்த அலசலில் நுரையீரலுக்கும் ரத்தப் புற்றுக்கும் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. இடுப்பெலும்பிலும் அதைச் சுற்றிய தசையிலும் வரும் சார்க்கோமா மிக அபூர்வம், வந்தால் மோசம்.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்க வேண்டும். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு ரேடியேஷன் என்று யாரும் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. இதய நோயுள்ளவர், வயதானவர், பல வருஷம் சிகரெட் பிடித்தவர் இவர்களுக்கு மயக்கமருந்து கொடுக்கத் தயங்கி ரேடியேஷனுக்கு அனுப்புவது வழக்கம். சிகரெட் பிடிப்பவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று எப்படியும் அதிகம் வரும். 'சீர்' பதிவேட்டில் சிகரெட் பற்றிய விவரமே கிடையாது. பிரென்னர் குழுவின் கணக்கில் நுரையீரல் புற்றும் கூடியிருந்தது. இடுப்பில் பாய்ச்சிய கதிர் சிதறி நெஞ்சு வரை போனதா, பழைய புகை வேலை செய்ததா என்று அந்தப் பதிவேட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் ஒரு ஆய்வைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, முதல் வருஷத்தில் கண்டுபிடித்த புற்றுகளை ஒதுக்கினார்களா என்பது. சிகிச்சை முடிந்து ஆறே மாதத்தில் தெரியும் கட்டி ரேடியேஷனால் வந்ததாக இருக்க முடியாது. அது முன்பே அங்கே இருந்தது.

மலக்குடல் கணக்கில் மட்டும் எனக்குச் சந்தேகம் குறைவு. 2005-இல் வந்த ஆய்வொன்றில் கதிர் நேரடியாகப் படும் மலக்குடலில் 1.7 மடங்கு கூடியிருந்தது, கதிர் படாத பெருங்குடலின் மற்ற பகுதிகளில் ஒன்றும் கூடவில்லை. சிகரெட்டோ சாப்பாடோ காரணமென்றால் முழுக் குடலிலும் அல்லவா கூடியிருக்க வேண்டும்? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்று இருந்தால் ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து கூடுமோ, ஏறக்குறைய அந்த அளவு என்று அந்த ஆய்வாளர்களே ஒப்பிட்டுச் சொன்னார்கள்.

புரோஸ்டேட் ஒரு நெல்லிக்காய் அளவு சுரப்பி. அதன் தலைமேல் சிறுநீர்ப்பையின் கழுத்து உட்கார்ந்திருக்கிறது. முதுகை ஒட்டினாற்போல் மலக்குடலின் முன்சுவர், இடையில் சில மில்லிமீட்டர்தான். வழக்கமான முறையில் நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 39 நாள், மொத்தம் 78 கிரே. இப்போது பரவலாக இருப்பது நாளுக்கு 3 கிரே வீதம் 20 நாள், 60 கிரே. சுரப்பிக்குள் புற்றணுக்கள் சாக வேண்டும் என்றுதான் இவ்வளவு. ஆனால் புதிய புற்று கிளம்புவது பெரும்பாலும், சாகாமல் அடிபட்டுப் பிழைத்த அணுக்களிலிருந்துதான். டி.என்.ஏ.-வின் இரு இழையும் அறுந்து, தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்ட அணு பல வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பெருக ஆரம்பிக்கிறது. முழு டோஸ் படும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சுற்றி அரையும் காலுமாகக் கதிர் படும் ஓரமும் கணக்கில் வர வேண்டும்.

கருவி நவீனமானால் ஆபத்து தானாகக் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அத்தனை நேரானதல்ல. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை மலக்குடலுக்குப் போகும் அதிக டோஸை நன்றாகவே குறைக்கிறது. ரத்தக்கசிவு, எரிச்சல் குறைந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் பல கோணங்களிலிருந்து சிறுசிறு கற்றைகளாகப் பாய்ச்சுவதால், மெல்லிய டோஸ் இடுப்பு முழுக்கப் பரவுகிறது. இயந்திரம் கூடுதல் நேரம் கதிர் உமிழ வேண்டியிருக்கிறது, இயந்திரத்தின் தலைப்பகுதியிலிருந்து கசிவும் கூடுகிறது. எரிக் ஹால் என்ற உயிரியற்பியலாளர் 2003-இல் இதைக் கணக்குப் போட்டு, இரண்டாவது புற்று ஏறக்குறைய இரட்டிப்பாகலாம் என்று எச்சரித்தார். அவர் பயந்த அளவுக்கு நடந்ததாகத் தெரியவில்லை. பல வகைப் புற்றுநோயாளிகள் 4,50,373 பேரை வைத்து 2020-இல் வந்த ஆய்வில் ஐ.எம்.ஆர்.டி.-க்கும் அதற்கு முந்திய முப்பரிமாண முறைக்கும் வித்தியாசமில்லை. அதே ஆய்வில் புரோட்டான் கதிர் எடுத்தவர்களுக்கு இரண்டாவது புற்று மிகக் குறைவாக இருந்தது, சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அவர்கள் மொத்தத்தில் 1.3 சதவீதம் பேர்தான், பின்தொடர்ந்த காலமும் நடுமட்டமாக ஐந்து வருஷம்தான். சென்னையில் 2019-இல் புரோட்டான் மையம் வந்த பிறகு இங்கேயும் இந்தக் கேள்வி எழுகிறது. புரோட்டான் கற்றை கட்டிக்குள் போய் நின்றுவிடும், மறுபுறம் வெளியேறாது. ஆகவே சாதகம் இருக்க வேண்டும் என்பது தர்க்கம். எழுபது வயதுக்காரர் அந்தத் தர்க்கத்துக்காக வீட்டை அடமானம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கருவியின் பெயரைக் கேட்பதைவிட எத்தனை மெகாவோல்ட் (கதிரின் ஆற்றலைக் குறிக்கும் எண்) என்று கேட்பது பயனுள்ளது. பத்துக்கு மேல் போனால் இயந்திரத்தின் தலையிலேயே நியூட்ரான் உண்டாக ஆரம்பிக்கும், அது தேவையில்லாத உபரி. 6 அல்லது 10 மெகாவோல்ட் போதும், பெரும்பாலான இடங்களில் அதுதான் நடக்கிறது. அடுத்து, நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துக் கதிர் கொடுக்கிறார்களா? அப்படியானால் குடலும் சிறுநீர்ப்பையும் பெருமளவு களத்துக்குள் வரும். மும்பை டாட்டா மெமோரியலில் 224 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர நிலையில் உள்ளவர்களுக்கு இடுப்பு முழுக்கக் கொடுத்ததால் ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாதவர்கள் 81-லிருந்து 95 சதவீதமாக ஆனார்கள். அப்பேர்ப்பட்டவர், பத்து வருஷம் கழித்து வரக்கூடிய ஒரு சதவீதத்துக்கு அஞ்சி இதை விடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆரம்ப நிலையில் உள்ளவருக்கு இந்தப் பெரிய களமே தேவையில்லை.

நோயாளியின் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. தினமும் மேசையில் படுப்பதற்கு முன் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். கழித்துவிட்டு வந்து அரை லிட்டர் அளவு தண்ணீர் குடித்து அரை மணியிலிருந்து முக்கால் மணி காத்திருக்கச் சொல்வார்கள், அளவு இடத்துக்கு இடம் மாறும். பை நிறைந்தால் அதன் மேல்பாகமும் சிறுகுடலும் மேலே எழும்பிக் கதிரிலிருந்து விலகும். மலக்குடலில் வாயு இருந்தால் சுரப்பியை முன்னால் தள்ளிவிடும். குறி ஓரிடம், கட்டி வேறிடம் என்றாகும். அந்த நாட்களில் கொண்டைக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ் வேண்டாம். முந்தின நாள் மலச்சிக்கலென்றால் வெட்கப்படாமல் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். படுத்த பிறகு எடுக்கும் ஸ்கேனில் வாயு தெரிந்தால் இறக்கிவிட்டு மறுபடி படுக்க வைப்பார்கள், அந்த ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சென்டிகிரே தனி. மலக்குடலுக்கும் சுரப்பிக்கும் நடுவில் பத்து மில்லி அளவு ஜெல் செலுத்தி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கும் முறையும் உண்டு. ஆறு மாதத்தில் அது தானே கரைந்துவிடும். இரண்டாவது புற்றைத் தடுக்க என்று வந்ததல்ல, குடல் புண்ணைக் குறைக்க வந்தது. ஆனால் அந்தச் சுவருக்குப் போகும் டோஸ் குறைகிறது என்பதில் சந்தேகமில்லை.

ப்ரேக்கிதெரபி, அதாவது அரிசிமணி போன்ற அயோடின்-125 விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே பதிப்பது, இந்த விஷயத்தில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. எழுதிக் கொடுக்கும் டோஸ் 145 கிரே என்றாலும் விதையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப் போனதுமே அது மளமளவென்று சரிந்துவிடும். அந்த 21 ஆய்வு அலசலிலும் விதை மட்டும் வைத்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நிலையாகத் தெரியவில்லை. விதையோடு வெளிக்கதிரும் சேர்த்து எடுத்தவர்கள் வெளிக்கதிர் கணக்கில்தான் வருவார்கள். பெரிய டோஸாகக் கொடுத்து ஐந்தே தவணையில் முடிக்கும் எஸ்.பி.ஆர்.டி. முறைக்கு இப்போது நல்ல ஐந்தாண்டு முடிவுகள் வந்திருக்கின்றன. ஐந்தாண்டு முடிவைக் காட்டி 'இரண்டாவது புற்று வரவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் வருகிற காலமே அதற்குப் பிறகுதான்.

ஆபரேஷனில் கதிர் இல்லை, ஆகவே கதிரால் வரும் புற்றும் இல்லை. ஆனால் இதற்காக மட்டும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஒன்று, சிறுநீர்க் கசிவு. ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டனின் 'புரொடெக்ட்' சோதனையில் ஆபரேஷன் செய்தவர்களில் ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேர் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள், ஆறாவது வருஷத்திலும் 17 சதவீதம். ரேடியேஷன் தரப்பில் அப்போது 4 சதவீதம். இரண்டு, ஆபரேஷன் முடிந்தும் நூற்றில் 20 முதல் 40 பேருக்குப் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை அளவு) திரும்ப ஏறும். அப்போது சுரப்பி இருந்த இடத்துக்கு 66 கிரே அளவில் ரேடியேஷன்தான். அவருக்கு ஆபரேஷனின் தொல்லையும் கதிரின் தொல்லையும் சேர்ந்தே வரும். பயாப்ஸி முடிவிலேயே 'எப்படியும் பிறகு ரேடியேஷன் தேவைப்படும்' என்று தெரிந்தவர், இரண்டாவது புற்றுக்குப் பயந்து கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

கதிரும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. பயாப்ஸியில் நோயின் தீவிரத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பெண் 6 அளவிலான மெதுவான நோய்க்கு உடனே எதுவும் செய்யாமல் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறுபயாப்ஸி என்று கண்காணிப்பது. 'புரொடெக்ட்' சோதனையின் 1,643 பேரில் பதினைந்து வருஷத்தில் புரோஸ்டேட் புற்றால் இறந்தவர் 45 பேர்தான். மூன்று தரப்பிலும் 2 முதல் 3 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. தேவையில்லாத ரேடியேஷனைத் தவிர்ப்பதைவிட நல்ல தடுப்பு வேறு கிடையாது.

ஹார்மோன் ஊசி, மாத்திரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்மோன் வகையைச் சேராத, முற்றிய நோய்க்குத் தரும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் அபூர்வமாக எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தப் புற்றில் கொண்டுவிடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அதனால்தான் மாதாமாதம் ரத்த அணு எண்ணிக்கை பார்க்கிறார்கள்.

ஆக, வயது பெரிய கணக்கு. 78 வயதில் ரேடியேஷன் எடுப்பவருக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. 54 வயதில் எடுப்பவருக்கு முன்னால் இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கலாம். இரண்டாவது புற்று பற்றி அவரிடம் பேசியே ஆக வேண்டும், சிகரெட்டை விடச் சொல்லவும் வேண்டும். ரேடியேஷனுக்கு முன்பே ஒரு கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்ப்பது) செய்துகொள்வது நல்லது. இருக்கும் பாலிப்பை (குடல் சுவரில் வளரும் சிறு சதை) அப்போதே எடுத்துவிடலாம், பிறகு கதிர் பட்ட சுவரில் கை வைப்பது சிரமம். குடும்பத்தில் இளவயதில் குடல் புற்று வந்திருந்தால் குடல் புற்றைப் பரம்பரையாக வரவைக்கும் லிஞ்ச் சிண்ட்ரோம் பற்றிக் கேளுங்கள்.

இனி, நடைமுறையில் அதிகம் தவறு நடக்கும் இடம். ரேடியேஷன் முடிந்து எட்டோ பத்தோ வருஷம். ஒருநாள் காலை சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. வலி இல்லை. மறுநாள் சரியாகிவிடுகிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் 'இன்ஃபெக்‌ஷன்' என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக். இரண்டு மாதம் கழித்து மறுபடி. 'ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு இது வரும் சார், புண்ணு' என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. கதிர் பட்ட சிறுநீர்ப்பையில் மெல்லிய ரத்தக்குழாய்கள் சிலந்திவலை போல் விரிந்து எப்போது வேண்டுமானாலும் கசியும், பத்து வருஷம் கழித்தும் கசியும். அதனால்தான் குழப்பம். வெளியிலிருந்து பார்த்து எது புண், எது புற்று என்று சொல்ல யாராலும் முடியாது. ரத்தம் தானாக நின்றது என்பது எதற்கும் சான்றில்லை. புற்றும் அப்படித்தான் விட்டுவிட்டுக் கசியும். 'ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், அதனால்தான்' என்பதும் செல்லாது. ரத்தம் இளக்கும் மாத்திரை, இருக்கிற கோளாறைத்தான் வெளியே காட்டிக்கொடுக்கும்.

'பி.எஸ்.ஏ. 0.1தான் இருக்கு, ஒண்ணும் இல்லை' என்பது இன்னொரு பொறி. பி.எஸ்.ஏ.-வுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. புரோஸ்டேட் நோய் முற்றிலும் அடங்கியவருக்குத்தான் அடுத்தது வர அவகாசம் இருக்கிறது.

பீட்ரூட் சாப்பிட்டோமா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறோமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம், இரண்டும் நிறம் மாற்றும். அது இல்லையென்றால் சிஸ்டோஸ்கோபி. மரத்துப்போகும் ஜெல்லி விட்டு, வளையும் குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தி ஐந்து பத்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். கதிர் பட்ட சுவர் வெளிறிப்போய், மேலே சிவப்பு நூல்களாகத் தெரியும். கட்டியென்றால் கடற்பாசி போல் கிளைகிளையாக அசையும். தொல்லை தருவது தட்டையான சிவப்புத் திட்டு. அது புண்ணாகவும் இருக்கலாம், மேல்தோலிலேயே படர்ந்த தீவிரப் புற்றாகவும் இருக்கலாம். அங்கே பயாப்ஸி எடுத்துத்தான் தீர வேண்டும். சிறுநீரில் அணுப் பரிசோதனை மட்டும் போதும் என்று விட்டுவிடக் கூடாது. கதிர் பட்ட அணுக்களே விகாரமாகத் தெரிந்து குழப்பும். சிறுநீரகம், சிறுநீர்க் குழாய்களைப் பார்க்க சி.டி. யூரோகிராம் என்ற ஸ்கேன் தனி.

மலத்தில் ரத்தம் வந்தால் கணக்கு கொஞ்சம் வேறு. ரேடியேஷனால் வரும் மலக்குடல் கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் தலைகாட்டிவிடும். அதுவரை ஒன்றுமில்லாமல் எட்டாவது வருஷத்தில் புதிதாக ரத்தம் வந்தால் மூலம் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். செய்பவரிடம் ரேடியேஷன் எடுத்த விவரத்தை நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். வெறும் கதிர்ப் புண்ணாகத் தெரியும் முன்சுவரில் தேவையில்லாமல் பயாப்ஸி எடுத்தால் அந்தக் காயம் ஆறாமல் போகலாம். சிறுநீர்ப் பாதைக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடலாம், விதை பதித்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். கட்டியாகத் தெரிந்தால் மட்டும் தயங்கக் கூடாது.

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், தாமதமானால் வழிகள் அடைபட்டுப் போகும். மலக்குடல் புற்றுக்கு வழக்கமாக ஆபரேஷனுக்கு முன் 50 கிரே அளவில் கதிர் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். ஏற்கெனவே 78 வாங்கிய சுவருக்கு அது பெரும்பாலும் முடியாது. சிறுநீர்ப்பையை எடுக்க நேர்ந்தால் கதிர் பட்ட திசு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், தையல் சரியாகக் கூடாது. குடலைக் கொண்டு புதுப் பை செய்வது பலருக்கு முடியாமல், வயிற்றில் பை மாட்டிக்கொள்வதில் போய் நிற்கும்.

எலும்பு விஷயத்தில் ஒன்று. பி.எஸ்.ஏ. ஏறவே இல்லை, ஆனால் இடுப்பெலும்பில் ஒரே ஓரிடத்தில் மட்டும் ஸ்கேனில் ஏதோ தெரிகிறது, அந்த இடமும் பழைய கதிர்க் களத்துக்குள் இருக்கிறது என்றால் 'புரோஸ்டேட் பரவிவிட்டது' என்று ஹார்மோன் ஊசியைத் தொடங்குவதற்கு முன் பயாப்ஸி கேளுங்கள். கதிரால் பலவீனமான எலும்பின் விரிசலாக இருக்கலாம், அபூர்வமாகச் சார்க்கோமாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஹார்மோன் ஊசி மருந்தல்ல.

இதற்கெல்லாம் பழைய விவரம் கையில் வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் உங்கள் பிளான் இருக்கும் என்று நம்பாதீர்கள். கடைசி நாள் சிகிச்சை முடிந்ததென்று மணியடித்துவிட்டுக் கிளம்பும் முன் ஒரு பக்கத் தாளாவது வாங்கிக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எந்த முறை, எத்தனை மெகாவோல்ட், நிணநீர் முடிச்சுகள் களத்துக்குள் இருந்தனவா, விதை வைத்திருந்தால் எந்தத் தனிமம், எத்தனை விதை, மலக்குடலிலும் சிறுநீர்ப்பையிலும் 70 கிரே வாங்கிய பங்கு எத்தனை சதவீதம். அதை போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிட்டு, அசல் தாளை ரேஷன் கார்டு இருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள். உறைமேல் தேதியையும் எழுதிவிடுங்கள்.